மஞ்சப் பூசுறதுக்கு முந்தி

வெயில் இந்தப் பூவரச மரத்து வேரைத் தொடுததுக்குள்ள கிராம முன்சீப்பு வந்துருவாகன்னு சொல்லிட்டுப் போனான் தலையாரி மாடன். வேர்ல ஏறின வெயில் இப்ப என் பெருவெரலச் சுடுது, இன்னும் ஒரு தலையக் காணும். பெரிய முன்சீப்பு இருந்தாக, இவுக அப்பா, சாவுச் சேதின்னா சாப்புட்ட கை காயுமுன்ன ஓடி வருவாக. மகன் அப்படியில்ல. எண்ணெ தேச்சு வெந்நி போட்டுக் குளிச்சு, துண்ட ரெண்டா மடிச்சா நல்லாருக்கா மூணா மடிச்சா நல்லாருக்கான்னு பாத்து, அப்புறந்தான் வாசப்படி எறங்குவாரு. அவருக்குப் பேறு பாத்ததே நாந்தானே, காலு முன்னால வந்த புள்ள, அன்னைக்கே ஒழுங்கா வரல, இன்னைக்கு எங்கன வரப்போறாரு. வரட்டும், மெதுவாவே வரட்டும். வராமலே போனாக்கூட எனக்கு நல்லதுதான், இந்த வேப்பங்கொழைய ஆட்டிக்கிட்டு, உன் மேல ஈ உக்காராமப் பாத்துக்கிட்டு இப்படியே இருந்துருவேன். உனக்கென்ன அவசரம் குருவம்மா, நீ பாட்டுக்குக் கெட. காலைல உன்னைக் கெணத்துல இருந்து தூக்கிப் போட்டப்ப தலமுடியெல்லாம் பாசி, அதை மட்டும் எடுத்துவிட்டேன். வேற ஒண்ணுந் தொடல. சேலைத் தலைப்ப இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடி வச்சேன். ஒரு தடவ பாத்தேன், போதும், மறுக்காப் பாக்க மாட்டேன், அவுக வந்து கேட்டா பாத்துக்கிடலாம்னு மூடிட்டேன். மூடினா போயிருமா. கண்ண மூடினாலும் அந்தக் கழுத்துதான் வந்து நிக்கி.

இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் நடுவுல என் பழைய கண்டாங்கிச் சேலையக் கட்டியிருக்கு. அந்தப் பக்கம் ஆம்பளைக வந்து உக்காருவாக, முன்சீப்பு, கணக்கப்பிள்ள, ஊர்ல அஞ்சு பேரு பஞ்சாயத்தாரு. இந்தப் பக்கம் பொணமும் நானும். பொம்பளப் பொணத்த அவுக பாக்க மாட்டாக, பாத்தா பாவம், அடுத்தவன் பொண்டாட்டி ஒடம்பு. அதனால ஒரு கெழவி பாத்துச் சொல்லணும். அந்தப் பக்கமிருந்து கேப்பாக, தலை? சரியா இருக்குன்னு நான் சொல்லணும். கண்ணு? மூடியிருக்கு. கை காலு? சேதமில்ல. காயம், கன்றல்? ஒண்ணுமில்ல. கணக்கப்பிள்ள கரகரன்னு எழுதுவாரு, அஞ்சு பேரும் கீறலோ ரேகையோ வைப்பாக, காயிதம் தாசில்தார் கச்சேரிக்குப் போகும், பொணம் சுடுகாட்டுக்குப் போகும். இருவத்துநாலு வருசமா நாந்தான் பாக்கேன். எட்டுப் பொணம். நீ ஒம்பதாவது. பேராச்சி பாத்துச் சொல்லிட்டான்னா ஊர்ல மறுபேச்சுக் கெடையாதுன்னு பேரு வேற. பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன். எட்டுப் பொணத்துல ஒண்ணு பாம்பு கடிச்சது, ஒண்ணு இடி விழுந்தது, பாக்கி ஆறும் கெணறு, கயிறு, அரளிவெத. ஆறுக்கும் கணக்கப்பிள்ள ஒண்ணுதான் எழுதினாரு, தீராத வயித்துவலி தாங்காம உசுர மாச்சுக்கிட்டா. ஒரு தடவ குதிரைல ஒரு வெள்ளக்காரத் தொர வந்தாரு, ஊரே கோழியெல்லாம் அடுக்குப்பானைக்குள்ள அடைச்சு ஒளிச்சு வச்சுச்சு. அந்தத் தொர காயிதத்தையெல்லாம் பொரட்டிப் பாத்துட்டு, இந்த வட்டாரத்துல பொம்பளைகளுக்கு மட்டும் ஏன் இம்புட்டு வயித்துவலி, தண்ணி கெட்டுப்போயிருக்கும்னு முடிவு பண்ணி, எல்லாக் கெணத்துலயும் சுண்ணாம்பு போடச் சொல்லிட்டுப் போயிட்டாரு. ரெண்டு மாசம் கஞ்சில சுண்ணாம்பு வாட. பெரிய முன்சீப்பு தெருவுல நின்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது.

"ஏ பெரிம்ம! மஞ்ச காயுது பாத்துக்கோ. எத்தன தடவ தண்ணி விட்டுக் கொழைக்கிறது?" அந்தா கத்துதா பாரு சிட்டம்மா, உன் பக்கத்து வீட்டுக்காரி. கெணத்து மேட்டுல மூணு சுமங்கலிக மஞ்சக் கிண்ணத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்காளுக. உன்னைக் குளிப்பாட்டி, மஞ்சப் பூசி, குங்குமம் வச்சு, கூறைச்சேலை கட்டணும்னு அவசரம். "கொழைச்சுக்கிட்டே இரு, உன் கைக்கு நல்லதுதான்"னேன். "சுமங்கலியாப் போனவள இப்படி மூளியாப் போட்டு வச்சிருக்கியே, உனக்கே அடுக்குமா? உனக்குத்தான் மஞ்சக் குடுத்து வைக்கல, அவளுக்குமா?" கேட்டியா குருவம்மா, எங்க குத்தினா வலிக்கும்னு தெரிஞ்சு குத்துதா. "உன் புருசன் குடிக்கிற குடிக்கு நீயும் ரொம்ப நாளு பூச மாட்ட, போயி நெழல்ல உக்காரு"ன்னு சொல்லிட்டேன். கூட இருந்த ரெண்டு பேரும் சேலைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்காளுக. செத்த எடத்துலயும் சிரிப்பு வரத்தான் செய்யுது. அவ சொல்லுததும் நெசந்தான், என் புருசன் பஞ்சத்துல போனாரு, அதுக்கப்புறம் நான் மஞ்சளத் தொடுதது கொழம்புக்கு மட்டுந்தான். சுமங்கலிக்குச் சுமங்கலிதான் பூசணும். ஆனா முன்சீப்பு வாரதுக்கு முந்திப் பொணத்தத் தொடக் கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு இருக்கு. ஆம்பளப் பொணத்துக்கு அத அப்படியே பாப்பாக, ஒரு ஈச்சம்பாயக் கூட நகத்த விட மாட்டாக. பொம்பளன்னா, பாவம், பச்ச ஒடம்பு, சுமங்கலி, குளிப்பாட்டிருங்கன்னு அவுகளே சொல்லுவாக. எட்டுல ஆறு பொணம் அப்படிக் குளிப்பாட்டி மஞ்சப் பூசித்தான் நான் பாத்தேன். மஞ்சளுக்குக் கீழ என்ன தெரியும். காக்காய்க்கு மஞ்சப் பூசினாக் கூடக் கருப்பு தெரியாது. எல்லாம் தங்கமாட்டந்தான் தெரியும்.

உன் வயிறு ஒட்டிக் கெடக்கு. தண்ணி குடிச்சுச் செத்தவ வயிறு பானையாட்டம் இருக்கும், ஒரு பக்கமாச் சாச்சா வாயில நொரையும் தண்ணியும் வரும். நெகத்துக்குள்ள சேறு இருக்கும், உசுருக்கு எதையாவது பிடிச்சிருப்பால்ல, கெணத்துச் செவத்த, கல்லு இடுக்குல மொளச்ச செடிய, ஏதாவது ஒண்ண. உன் நெகம் நேத்து வெந்நில தேச்சுக் குளிச்ச புள்ள நெகமாட்டம் இருக்கு. நீ தண்ணிக்குள்ள போகும்போதே போயிட்ட தாயி. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரல, எட்டுப் பொணம் சொல்லித்தந்துச்சு. அதுல மொதப் பொணம் பவளம். என் தம்பி அய்யம்பெருமாளுக்குக் கட்டிவந்தவ. உன் மாமியா. நீ அவளப் பாத்ததில்ல, உன் புருசன் மாசாணத்துக்கே அவ நெனவில்ல, அப்ப எட்டு மாசப் புள்ள அவன். நல்ல நெறமா இருப்பா பவளம், பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கும், சிரிச்சா கையால மறைச்சுக்கிடுவா. மதினி, மதினின்னு என் பின்னாலயே வருவா. அவ வந்த புதுசுல புளிக்கொழம்புல வெல்லம் போடுவா, அவுக ஊர்ப் பழக்கம், எந்தம்பி தட்ட வீசி எறிவான். வீசுததுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லல, ஆம்பளைக்குக் கோவம் வரும், கொழம்புல வெல்லம் போடாதட்டின்னு அவளைத்தான் சொன்னேன். இப்ப நெனச்சா அந்தக் கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு தடவ கூட அவகிட்டச் சொல்லல.

அன்னைக்கு என்னாச்சுன்னா, உச்சிவேள, நான் என் வீட்ல உளுந்து பொடைச்சுக்கிட்டு இருந்தேன், என் வீடு நாலு வீடு தள்ளித்தானே, தம்பி வந்து நெலப்படில நின்னான். வேர்வையா தண்ணியான்னு தெரியல, ஒடம்பெல்லாம் நனைஞ்சிருக்கு. அப்படியே சரிஞ்சு என் காலப் பிடிச்சுக்கிட்டான். எக்கா, தெரியாமப் பண்ணிட்டேன், கஞ்சிக்கு நேரமாச்சுன்னு ஒரு வார்த்த கேட்டேன், எதுத்துப் பேசினா, கைய வச்சேன், அம்புட்டுத்தான், அவ சரிஞ்சிட்டான்னான். அவன் கைய நான் பாக்குதேன். சின்னப் புள்ளைல நான் நெகம் வெட்டி விட்ட கை. எங்கம்மை சாகும்போது அவனுக்கு நாலு வயசு, எனக்குப் பதினொண்ணு, இடுப்புல தூக்கி இடுப்பு தேஞ்சு போச்சு. நான் ஓடினேன். அவனே கெணத்துல போட்டு, அவனே தூக்கியும் போட்டு, அவளே விழுந்துட்டான்னு ஊரக் கூட்டிட்டு, அதுக்கப்புறந்தான் எங்கிட்ட வந்திருக்கான். ஊர்ச்சனம் கெணத்தச் சுத்தி நிக்கி, யாரும் கிட்டப் போகல. புள்ள தொட்டில்ல கெடந்து தொண்ட கட்டுத வரைக்கும் அழுதுக்கிட்டு இருக்கான், பால் குடிக்கிற நேரம். நான் போயி பவளத்தப் பாத்தேன். வலது காதுக்குக் கீழ நாலு விரலு, இடது பக்கம் ஒரு விரலு, கருநீலமா, நாவப்பழத்த நசுக்கி ஒட்டினாப்புல. எனக்கு அப்பப் புருசன் இருந்தாரு. நான் சுமங்கலி. பூசலாம். நானே மஞ்ச அரைச்சேன். கொளவிய உருட்ட உருட்டப் புள்ள அழுகுத சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நிக்காம அரைச்சேன். பெரிய முன்சீப்பு வாரதுக்குள்ள குளிப்பாட்டி, கழுத்துல மட்டும் மூணு தடவ, கெட்டியா, அப்பி விட்டேன். தாலிக்கயித்த ஏத்தி வச்சேன். கதம்பத்த ரெண்டு பக்கமும் தொங்க விட்டேன். அதுக்கப்புறம் சேலை மறைவுக்குப் பின்னால நின்னுக்கிட்டுக் காயம், கன்றல்னு கேட்டாக. ஒண்ணுமில்லன்னு சொன்னேன். ஒடம்புக்கு எதாச்சும் சீக்கு உண்டான்னு கேட்டாக. அப்பப்ப வயித்துவலின்னு சொல்லுவான்னு சொன்னேன். என் வாயிலதான் வந்துச்சு அந்த வார்த்த. கணக்கப்பிள்ள அதை அப்படியே எழுதிக்கிட்டாரு, அவருக்குப் பிடிச்சுப் போச்சு, அதுக்கப்புறம் வந்ததுக்கெல்லாம் அதையே போட்டாரு. பெரிய முன்சீப்பு எந்திரிச்சுப் போகும்போது சொன்னாக, பேராச்சி வெவரமான பொம்பள, இனிமே பொம்பளச் சாவுன்னா அவளையே கூப்பிடுங்கன்னு. அப்படித்தான் எனக்கு இந்த வேல வந்துச்சு.

அதுக்கு மறுநாளு பவளத்தோட அம்மை சீனித்தாய் அத்த வந்தா. மூணு ஆறு தாண்டணும் அவுக ஊர்ல இருந்து, வாரதுக்குள்ள சாம்பல் ஆறிப்போச்சு. அழக்கூட இல்ல அவ. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, நீதான குளிப்பாட்டினது தாயி, எம்புள்ள மேல ஒண்ணுமில்லயேன்னா. ஒண்ணுமில்ல அத்த, தூங்குதாப்புல இருந்தான்னேன். வயித்துவலின்னு எழுதியிருக்காகளாமே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே, ஆடிக்கு வந்தப்ப முருங்கக்கீர வேண்டாம்மான்னு ஒதுக்கி வச்சா, அதுதான் போலருக்கு, எனக்குத் தட்டலயே, பெத்த வயிறு எனக்குத் தட்டலயேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் கை உருவப் பாத்தேன், விடல அவ. மஞ்சக் கறை போகாத கை. புள்ளைய நல்லாக் குளிப்பாட்டி அனுப்புனியே, நீ நல்லாருக்கணும்னு என் கையக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அதுக்கப்புறம் பதிமூணு வருசம் இருந்தா சீனித்தாய் அத்த. அவுக ஊர்க்காரி ஒருத்தி இங்க வாக்கப்பட்டு வந்தா, அவ சொன்னா, அந்தக் கெழவி ஓமமும் சுக்கும் வறுத்து இடிச்சு மடில கட்டிக்கிட்டுத் திரியும், எந்தக் கொமரியப் பாத்தாலும், வயிறு வலிக்காட்டி, மறைக்காமச் சொல்லுட்டின்னு வாயத் தொறக்கச் சொல்லி ஒரு சிட்டிக போடும், புள்ளைகளெல்லாம் அதக் கண்டா ஓடும்னு. கேட்டுக்கிட்டு இருந்த பொம்பளைகளெல்லாம் சிரிச்சாளுக. நான் எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனேன். மாடு ஏற்கெனவே தண்ணி குடிச்சிருந்துச்சு.

எதுக்காகச் செஞ்சேன்னு என்னையே கேட்டுப் பாத்தா ஒரு பதில் தயாரா இருக்கு, புள்ளைக்காக. அம்மையும் போயி அப்பனும் செயிலு, தீவாந்தரம்னு போயிட்டா அந்தப் புள்ள என்னாகும். எனக்கும் வயித்துல ஒண்ணும் தங்கல. மாசாணத்த என் வீட்டுக்கே தூக்கிட்டு வந்தேன். வெள்ளாட்டுப் பால்ல துணிய நனைச்சு நனைச்சுச் சப்பக் குடுத்தேன். தாது வருசப் பஞ்சத்துல நான் கத்தாழைக் கெழங்கு தின்னு அவனுக்குக் கேப்பக்கூழு குடுத்தேன். எல்லாரும் சொன்னாக, பெத்தவகூட இப்படிப் பாக்க மாட்டான்னு. பெத்தவ பாத்திருப்பா. வெல்லம் போட்டுக் கொழம்பு வச்சுக் குடுத்திருப்பா. அத்த அத்தன்னு என் சேலையப் பிடிச்சுக்கிட்டே வளந்தான், அப்பன மாதிரி கோவம் வரல, சாது, எறும்பு போனாக் காலத் தூக்கிக்கிடுவான்னு நெனச்சேன். நெனச்சேனா, இல்ல நெனைக்கணும்னு ஆசப்பட்டேனா. பன்னெண்டு வயசுல ஒரு வெடக்கோழி கொத்திருச்சுன்னு, அது வேண்டாம், அதப் போயி இப்ப எதுக்கு. போன பங்குனில நீ என் வீட்டுக்கு வந்தியே குருவம்மா. வந்து அடுப்படில உக்காந்து முழங்கை வரைக்கும் சேலைய இழுத்து விட்டுக்கிட்டு இருந்த. என்னட்டின்னு வெலக்கிப் பாத்தா மேல்கைல கன்றல். பெரியம்மே, எங்கம்மை வீட்ல கொண்டு விட்டுருங்கன்னு கேட்ட. வேப்பெண்ணெயச் சுட வச்சுத் தேச்சு விட்டேன். நாலு புள்ளயப் பெத்துட்டா எல்லாம் சரியாப் போகும், பொறுத்துக்கோன்னு சொன்னேன். சொன்னேன்ல? எனக்குத் தெரியும்ல, பொறுத்தா என்னாகும்னு, இந்த ஊர்ல என்னையத் தவிர வேற யாருக்கு அது தெரியும். நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி உன்னைய அவன் வீட்ல விட்டேன். வாசல்ல வச்சு, கோவப்படாதய்யா, புள்ள பயப்படுதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவனும் சிரிச்சான். நீ மட்டுஞ் சிரிக்கல.

மறைவுச் சேலைக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம். முன்சீப்பு இல்ல, செருப்பில்லாத காலு. சேலைக்குக் கீழ பாதம் தெரியுது, வலது சுண்டுவெரலு வளைஞ்சிருக்கும், தவழுத வயசுல அம்மி விழுந்தது, நாந்தான் பச்சிலை கட்டினேன். "அத்தே." மாசாணம். "முன்சீப்பு ஓடையத் தாண்டியாச்சாம் அத்தே. அவள அப்படியே போட்டு வச்சிருக்கியே. சிட்டம்மா மதினி எல்லாம் காத்துக்கிட்டு இருக்காக. பூசிரச் சொல்லு." நான் கொழைய ஆட்டிக்கிட்டே இருந்தேன். "வெயில் ஏறுதுல்ல. பாக்கச் சகிக்கல." உனக்கா சகிக்கலன்னு கேக்க வந்துச்சு, கேக்கல. "என்னய்யா நடந்துச்சு"ன்னேன். பாதம் மண்ணக் கீறுது. "வயித்துவலின்னு சொல்லுவா அப்பப்ப"ன்னான். என் கொழை நின்னு போச்சு. யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு அந்த வார்த்தைய. "அத்தகிட்ட எதுக்குய்யா பொய் சொல்லுத. நான் கழுத்தப் பாத்துட்டேன்"னேன். சேலைல அவன் நெத்தி வந்து முட்டுது, துணில நெத்தி அடையாளம் தெரியுது, வேர்த்து ஈரமா, சின்னப் புள்ளைல காய்ச்ச வந்தா என் முதுகுல வந்து இப்படித்தான் முட்டுவான். "தெரியாமப் பண்ணிட்டேன் அத்தே. நீ பாத்துக்கோ. எங்கம்மைக்குப் பாத்துக்கிட்டல்ல, அது மாதிரி."

ஈ வந்து உன் நெத்தில உக்காருது, வெரட்டணும், கை எந்திரிக்க மாட்டேங்கு. "உனக்கு யாரு சொன்னா." "அய்யாதான். வாந்திபேதில கெடந்தப்ப. நீ தண்ணி எடுக்கப் போயிருந்த. எல்லாஞ் சொல்லிட்டாரு." எந்தம்பி அந்தச் சீக்குல போயி ஆறு வருசம். ஆறு வருசமா இவனுக்குத் தெரியும். ஆறு வருசமா இவன் என் கையால சாப்புட்டிருக்கான், தீவாளிக்கு எண்ணெ தேச்சு விடுன்னு தலையக் குடுத்திருக்கான், கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் குடு அத்தன்னு என்னையத்தான் கூப்பிட்டான், நான் தாலி அறுத்தவடா வேண்டாம்டான்னு ஒதுங்கினேன். "என் மேல உனக்கு ஒரு கோவம் வரலையாய்யா?" அவனுக்குப் புரியல. நெசமாவே புரியல, குரல்லயே தெரியுது. "எதுக்குக் கோவம்? நீ எங்கள விட்டுக்குடுக்கலைன்னு அய்யா அழுதாரு. மாசாணம், உனக்கு என்ன வந்தாலும் உங்க அத்த இருக்கா, கவலப்படாதன்னுதான் சொன்னாரு." அப்படியா. அப்படித்தான் சொன்னானா எந்தம்பி. அவனுக்கு நான் அப்பின மஞ்சள மகனுக்குச் சொத்தா விட்டுட்டுப் போயிருக்கான். உன் கழுத்துல இவன் கைய வச்சப்ப, குருவம்மா, அந்த நேரத்துல, உன் கண்ணு பிதுங்கின நேரத்துல, இவனுக்கு எங்கயோ ஒரு மூலைல என் மொகம் வந்திருக்கும். அத்த பாத்துக்கிடுவா. சாமி இருக்குன்னு நெனைக்கிறவன் மாதிரி நெனச்சிருப்பான். நான் புள்ளைக்காகச் செஞ்சேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன், அந்தப் புள்ளைக்கு நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன் பாரு.

"அத்தே, நேரமில்ல. பூசச் சொல்லு." சிட்டம்மாவும் எந்திரிச்சு வாரா, கிண்ணத்தோட, "நகரு பெரிம்ம, நீ பாட்டுக்கு உக்காந்திரு, நாங்க முடிச்சிருதோம்". அவ கையப் பிடிச்சேன். எனக்கே தெரியல, எம்புட்டு பெலம் இந்தக் கைல. கிண்ணம் கவுந்து மண்ணெல்லாம் மஞ்ச. "அய்யோ பாவி மக!" அப்படின்னு கத்துதா, மத்தவளுக எந்திரிச்சு நிக்காளுக. "ஒரு பொம்பளயும் இவளத் தொடக் கூடாது. சர்க்கார் உத்தரவு." "இம்புட்டு நாளு இல்லாத உத்தரவு!" "இம்புட்டு நாளும் இருந்துச்சுட்டி." அந்தப் பக்கம் பாதத்தக் காணும். ஓடிட்டானா. எங்க ஓடுவான், அவனுக்கு இந்த ஊர விட்டா வேற ஊர் தெரியாது, சந்தைக்குப் போனாலே ராத்திரிக்குள்ள அத்தன்னு வந்து நிக்கிறவன். வண்டி நிக்கிற சத்தம். செருப்புச் சத்தம். துண்ட ஒதறுத சத்தம், தரைல சமுக்காளம் விரிக்கிற சத்தம், பஞ்சாயத்தாருல ஒருத்தரு இருமுதாரு. உக்காந்துட்டாக.

"பெரியம்மா இருக்கியா? ஆரம்பிக்கலாமா?"ன்னு முன்சீப்பு கேக்குதாரு. எண்ணெ வாட இங்க வரைக்கும் வருது, குளிச்சுட்டுத்தான் வந்திருக்காரு. தலைன்னாக. முடில பாசி இருந்துச்சு, எடுத்துட்டேன்னேன். கண்ணுன்னாக. தொறந்திருக்கு, வெள்ளமுழில ரத்தங் கட்டியிருக்குன்னேன். பேனாக் கட்டை நிக்கிற சத்தம் கேட்டுச்சு, எழுதுதது கேக்குமான்னா, கேக்கும், நிக்கிறதுதான் நல்லாக் கேக்கும். "வயிறு ஒட்டியிருக்கு, தண்ணி குடிக்கல. நெகத்துல சேறில்ல. கழுத்துல வலது காதுக்குக் கீழ நாலு விரலு, இடது பக்கம் பெருவெரலு. எழுதுங்க." காக்கா ஒண்ணு கெணத்துக் கமலைக் கல்லுல உக்காந்து கத்துது. கணக்கப்பிள்ள மெதுவாக் கேக்குதாரு, பழைய கணக்கப்பிள்ள மருமகன், அதே குரலு, "வயித்துவலி ஏதும் உண்டா பாட்டி?" "கெடையாது. கல்லத் தின்னாலும் செரிக்கும் அவளுக்கு." "பெரியம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னு முன்சீப்பு. "நீ சொல்லுத இந்த வார்த்தைக்கு உன் தம்பி மகன் தலை போகும்." தெரியும் ராசா. எனக்குத் தெரியாததா. "இன்னொண்ணும் இருக்கு, எழுதிக்கோங்க. இருவத்துநாலு வருசத்துக்கு முந்தி இதே கழுத்துல, இல்ல, வேற கழுத்து, பவளம்னு ஒருத்தி, அவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நாந்தான் மஞ்சளப் பூசி மறைச்சேன். வயித்துவலின்னு சொன்னதும் நாந்தான்." "அது முடிஞ்சு போன காயிதம் பாட்டி." "உங்களுக்கு முடிஞ்சிருக்கும்."

எங்கயோ ஒரு சத்தம், வரப்புப் பக்கமா, தலையாரி மாடன் குரலு, பிடி பிடின்னு இல்ல, வாய்யா, வந்து உக்காருன்னு கெஞ்சுதாப்புல. பிடிச்சுட்டாக போலருக்கு. இல்ல, அவனே வந்திருப்பான். நான் அந்தப் பக்கம் பாக்கல. உன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன், மூக்குத்தித் துளைல ஒரு சொட்டுத் தண்ணி நிக்கி. "சரி, சாட்சி பேரு?" பேராச்சி. "புருசன் பேரு?" அத எப்படி என் வாயால சொல்ல, பஞ்சாயத்தாருல ஒருத்தரு எடுத்துச் சொன்னாரு. "குத்தவாளிக்கு என்ன ஒறவு?" வாயத் தொறந்தேன். அத்தன்னு சொல்லணும். அத்தன்னுதான் அவன் கூப்பிடுவான், வரப்புல இருந்து இப்பக் கூட அதத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கான், ஒரு தடவ, ரெண்டு தடவ, மூணாந்தடவ குரலு ஒடையுது. பேனாக் கட்டை காத்திருக்கு.

"வளத்தவ"ன்னேன். "வளத்தவன்னு எழுதுங்க."